இரண்டாம் மாடிக்காரரும் என் மருமகளும்

அமெரிக்காவை நல்லவர்கள் நாலு பேர் ஆண்டால் உலகத்தின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிற பிள்ளைகள் சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான எங்கள் அட்லிஸ்வில்லிலும் இருக்கிறார்கள். சூரிச்சில் படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள். மாதம் ஒருமுறை முருகன் கோயிலுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து உலக அரசியல் கதைக்கிறார்கள். நான் கத்தோலிக்கன். ஆனால் நல்ல கதைக்கும் வடைக்கும் நான் சமயம் பார்ப்பதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை.

போன கூட்டத்தில் எடுத்த விஷயம், பணக்காரரிடம் கூடுதல் வரி அறவிட வேண்டும் என்று அமெரிக்க முற்போக்காளர்கள் சொல்வது நடக்கிற காரியமா என்பது. பொருளியல் படிக்கிற ஒரு தம்பி எழுந்து நின்றார்.

"ஏலாது எண்டு சொல்லாதேங்கோ. சுவிஸ் வங்கியளின்ரை ரகசியத்தை உடைச்சது ஆர்? அமெரிக்கக் காங்கிரஸ் போட்ட சட்டம். நினைச்சால் பிடிக்கலாம் எண்டதுக்கு அது போதும்."

எல்லாரும் கைதட்டினார்கள். நான் கடித்த வடையைத் தட்டில் வைத்தேன்.

"பிடிச்சது ஆரைத் தம்பி?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போயிற்று.

"பணத்தை ஒளிச்சு வைச்சிருந்த பணக்காரரை, அங்கிள்."

"அப்பிடியோ? அவையளுக்குக் கோப்பி குடுத்த ஆள் நான். அவையள் வங்கியை விட்டுப் போகேக்கை லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதும் நான்தான். ஒருத்தரும் அழுதுகொண்டு போகேல்லை. அழுதது என்ரை தங்கச்சியின்ரை பிள்ளை, என்ரை மருமகள்."

கூட்டத்தை நடத்துகிற பிள்ளை, "அங்கிள், உந்தக் கதையை எழுதித் தாங்கோவன்" என்றாள். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். அது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

என் தொழில் வாழ்க்கையின் முற்பகுதியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எண்பதுகளில் அகதியாக வந்தேன். லுசேர்ணில் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் சட்டி கழுவினேன், சலாட் வெட்டினேன், பிறகு விருந்து மண்டபத்தில் தட்டுத் தூக்கினேன். சமையலறையில் ஜெர்மன் வந்தது. உல்லாசப் பயணிகளின் புண்ணியத்தில் ஆங்கிலமும் வந்தது. அங்கே சாப்பிட வந்த ஒருவர், சத்தமில்லாமல் கோப்பை வைக்கத் தெரிந்த ஆள் எங்கள் வங்கிக்கு வேண்டும் என்று சொல்லி என்னைச் சூரிச்சுக்குக் கூப்பிட்டார். அவர் பெயர் சொலிங்கர். அன்று தொடங்கி நான் வேலையை விடும் வரைக்கும் அவர்தான் என் மேலதிகாரி.

வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். பழைய கல் கட்டடம். கீழே பெரிய மண்டபத்தில் கவுண்டர்கள். ஊர்ச்சனம் வந்து சம்பளம் எடுக்கும், வாடகை கட்டும். கடன் கேட்டு வருகிறவர்களை இருத்திக் கதைக்க ஓரத்தில் கண்ணாடிச் சுவர் போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. உள்ளே யார் இருக்கிறார், யார் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறார் என்று மண்டபமே பார்க்கலாம்.

இரண்டாம் மாடி வேறு உலகம். அங்கே வருகிறவர்களுக்குத் தெருவின் மறுபக்கத்தில் தனி வாசல், தனி லிஃப்ட். நீண்ட நடை, தடித்த கம்பளம், இரு பக்கமும் சந்திப்பு அறைகள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சின்ன விளக்கு. அது சிவப்பாக எரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறார். ஒரு விருந்தினரை அறைக்கு வெளியே விடுவதற்கு முன் நடையில் வேறு ஆள் இல்லை, லிஃப்டில் வேறு ஆள் இல்லை என்று நான் உறுதிப்படுத்த வேண்டும். அங்கே வந்த இருவர் ஒருவரையொருவர் கண்டுவிட்டால் அது எங்களுக்குப் பெரிய அவமானம். பல வருடங்களாக ஒரே நாளில் வந்துபோன கணவனும் மனைவியும்கூட ஒருவரையொருவர் காணாமல் போயிருக்கிறார்கள்.

அவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது. எந்த அறையோ அதுதான் பெயர். "நாலாம் அறைக்குக் கோப்பி" என்பார் சொலிங்கர். கோப்பையை வலக்கைப் பக்கம் பிடி வரும்படி வைக்க வேண்டும். கதவைச் சாத்தும்போது கொண்டியைக் கையால் அமர்த்திப் பிடிக்க வேண்டும், க்ளிக் என்ற சத்தம்கூடக் கேட்கக்கூடாது. விருந்தினர் போன பிறகு மேசையில் கிடக்கிற வெள்ளைத்தாள் கட்டின் மேல்தாள்கள் சிலவற்றைக் கிழித்து அரைக்கிற இயந்திரத்தில் போட வேண்டும். எழுதிய தாளை அவர் கொண்டுபோய்விடுவார், ஆனால் பேனை அழுத்திய தடம் கீழ்த்தாளில் இருக்கும் அல்லவா? அவ்வளவு கவனம். யாரும் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லலாம். நாமாக வாய் திறக்கக் கூடாது. எந்த நாடு, எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்கக் கூடாது.

சொலிங்கர் கெட்ட மனிதர் அல்ல. என் தகப்பன் யாழ்ப்பாணத்தில் செத்துப்போன செய்தி வந்த நாள், என் கையிலிருந்த தட்டை அவரே வாங்கி வைத்துவிட்டு, ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்கிற அளவுக்கு மெதுவாகப் பேசினார் என்றால், அன்றைக்கு யாருக்கோ வேலை போகிறது என்று நாங்கள் அறிந்துகொள்வோம்.

2009-இல் இரண்டாம் மாடியில் காற்று மாறியது. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்து, சனத்தின் வரிப்பணத்தைக் கொட்டி அவற்றைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். வீட்டை இழந்த சனத்தைத் தூக்க ஒருவரும் குனியவில்லை. அந்த எரிச்சலில் அங்கே ஒரு கேள்வி எழுந்தது: எங்களைப் பிழிகிறீர்களே, வெளிநாட்டில் பணத்தைப் பதுக்கி வைத்திருக்கிறவர்களை என்ன செய்யப் போகிறீர்கள்? நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாதா அது எவ்வளவு நியாயமென்று? பதுக்கியவர்களுக்குக் கோப்பி ஆற்றிக் கொடுத்துத்தானே நான் சம்பளம் வாங்கினேன்.

அந்த வருடங்களில் அமெரிக்க விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கடைசி முறை வந்தார்கள். தனியாக வரவில்லை, வழக்கறிஞர்களோடு வந்தார்கள். சிலர் தாமாகப் போய் ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார்கள், பொய் சொல்லக் கூடாது. சிலருடைய பணம் வேறு நாட்டில், வேறு பெயரில், ஒரு அறக்கட்டளையாகவோ கம்பனியாகவோ மறுபிறப்பு எடுத்தது. வழியனுப்பும்போது ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "உங்கள் கோப்பியைத்தான் மறக்க மாட்டேன்" என்றார். எல்லாருக்கும் வாசல் வரைக்கும் மரியாதை. நடையில் யாரும் யாரையும் காணவில்லை.

அதற்குப் பிறகுதான் கூட்டத்தில் அந்தத் தம்பி சொன்ன சட்டம் வந்தது. உலகத்தில் எந்த வங்கியில் எந்த அமெரிக்கருக்குக் கணக்கு இருந்தாலும் அமெரிக்காவுக்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வங்கிக்கு அடி. அமெரிக்கப் பிரசை எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்கு வருமானக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவர்களுடைய பழைய விதி. வாழ்கிற நாட்டை விட்டுவிட்டுப் பிரசாவுரிமையைப் பார்த்து வரி கேட்கிற நாடு இன்னொன்று எரித்திரியா. என் மேல்வீட்டு எரித்திரியருக்கு இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இனி என் தங்கை கதைக்கு வருகிறேன்.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெற வேண்டும். இதை நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தாய்வீடு எது? யாழ்ப்பாணத்தில், குருநகரில் இருந்த வீட்டுக்குக் கூரை இல்லை. தங்கை றெஜினாவும் புருஷன் செல்வமும் வில் நகரில், நான் லுசேர்ணில், அம்மா நியூ ஜெர்சியில் பெரியண்ணனோடு, அப்பா மட்டும் ஊரில் சொந்தக்காரரோடு. அம்மா இருக்கிற இடம் தாய்வீடு. ஆகவே தாய்வீடு நியூ ஜெர்சி. அம்மா தொலைபேசியில் கத்தினார்.

"பிள்ளை தனியக் கிடந்து பெறுறதோ? ஆர் சரக்கு அரைக்கிறது? ஆர் தண்ணி வாக்கிறது? இஞ்சை அனுப்பு."

பெரியண்ணன் விசாவுக்கு ஒழுங்கு செய்தார். நான் விமான நிலையத்தில் வழியனுப்பினேன். ஒருவருடைய தலையிலும் பிரசாவுரிமை என்ற சொல் ஓடவில்லை. மிளகும் மல்லியும் வறுத்து அரைத்த சரக்குக்கறிதான் ஓடியது. பிள்ளை பிறந்து, தலை நின்றதும், றெஜினா வில்லுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பிள்ளைதான் டிலானி. வில்லில் வளர்ந்து, வில்லில் படித்து, எங்களோடு யாழ்ப்பாணத் தமிழும் மற்றவர்களோடு சங் காலன் பக்கத்து ஜெர்மனும் பேசி, மருத்துவமனைத் தாதி ஆனாள். சுவிஸ் பிரசாவுரிமையும் எடுத்தாள். சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் போடுவதில்லை, உரிமை பெற்ற ஊரைத்தான் போடுவார்கள். அவளுடையதில் வில் என்றுதான் இருக்கிறது.

ஆனால் தான் அமெரிக்கப் பிரசை என்பதில் அவளுக்கு ஒரு பெருமை. கள்ளப் பெருமை அல்ல, பொறுப்பான பெருமை. அங்கே நடக்கிற தேர்தலுக்கு வில்லிலிருந்து தபாலில் வாக்குப் போடுவாள். நோய் வந்தால் வீட்டை விற்கிற நிலை அங்கே சனத்துக்கு இருக்கக் கூடாது, நாள் முழுக்க வேலை செய்கிறவனுக்கு வாழப் போதிய கூலி வேண்டும், பணம் குவித்தவன் தன் பங்கைக் கட்ட வேண்டும் என்று சொல்கிறவர்களுக்குத்தான் அவள் வாக்கு. ஞாயிறு மத்தியானம் சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு என்னோடு சண்டை பிடிப்பாள்.

"மாமா, அங்கை எலக்சனுக்குக் காசு குடுக்கிறவன்தான் சட்டத்தையும் எழுதுறான். முதல்லை அதை மாத்த வேணும். பெரிய காசு அரசியலுக்கை வரக்கூடாது."

"மாத்துறதுக்கு வில்லிலை இருந்து உன்ரை ஒரு வோட்டோ?"

"ஒண்டு ஒண்டாத்தான் மாமா சேரும்."

அந்தச் சட்டம் வந்தபோதும் அவள் அதன் பக்கம்தான். "உங்கடை இரண்டாம் மாடிக்காரருக்கு நல்லா வேணும்" என்றாள். சட்டத்தின்படி தானும் கணக்குக் காட்ட வேண்டும் என்று அறிந்ததும் முணுமுணுக்காமல் காட்டினாள். சுவிசில் வரி கட்டுகிற தாதியின் சம்பளத்துக்கு அமெரிக்காவுக்குக் கட்ட ஒன்றும் வரவில்லை. காட்டுவதற்கு மட்டும் ஒரு நிபுணரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வில்லில் அவர்கள் இருந்த வீடு ஒரு முதிய சுவிஸ் பெண்மணியுடையது. நாலு மாடிக் கட்டடம். றெஜினா அங்கே கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இருக்கிறாள். செல்வம் இரும்புத் தொழிற்சாலையில் முதுகை முறித்துக்கொண்டு, வேலை செய்ய இயலாதவர்களுக்கான ஓய்வூதியத்தில் இருந்தார். வீட்டுக்காரப் பெண்மணிக்கு இந்தக் குடும்பத்தின் மேல் பட்சம். "கட்டடத்தைத் துண்டு துண்டாக விற்கப் போகிறேன், உங்கள் வீட்டை முதலில் உங்களுக்குத்தான் கேட்கிறேன்" என்று வந்து சொன்னார். விலையும் நியாயம். செல்வத்துக்கு வங்கிக் கடன் கிடைக்காது. டிலானியின் சம்பளத்துக்குக் கிடைக்கும். எங்கள் வங்கியில் ஊழியரின் குடும்பத்துக்குச் சலுகை உண்டு. நானே நாள் குறித்து அழைத்துப் போனேன்.

கண்ணாடி அறை. கடன் பகுதியில் புதிதாக வந்த ஒரு இளம் அதிகாரி, நல்ல சிரித்த முகம். எல்லாம் சரியாக வந்தது. சம்பளம் சரி, வேலை நிரந்தரம், வீடு நல்ல வீடு. கடைசியில், "பிறந்த இடம் வில்தானே?" என்று கேட்டுக்கொண்டே எழுதப் போனார். தலையாட்டியிருந்தால் கடன் கிடைத்திருக்கும், பாஸ்போர்ட்டும் அவளைக் காட்டிக் கொடுத்திராது. டிலானி, "இல்லை, நியூ ஜெர்சி" என்றாள்.

பேனை நின்றது.

"உங்கள் பெற்றோர் அங்கே வேலை செய்தார்களா?"

"இல்லை."

"படித்தார்களா?"

"இல்லை. அம்மா பிரசவத்துக்குப் போனார்."

"அப்படியானால் பாஸ்போர்ட்டுக்காக?"

டிலானியின் முகம் சிவந்தது. "சாப்பாட்டுக்காக" என்றாள். அந்த அதிகாரிக்கு அது விளங்கவில்லை. பிள்ளைப்பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கிற கறியைப் பற்றி டிலானி ஜெர்மனில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் தானே நிறுத்திவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்ற சனம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பல வருடம் மேல்மாடியில் திரைச்சீலையை இழுத்து மூடியவன். அந்தக் கண்ணாடியை மூட ஒரு துணி இருக்கவில்லை.

அமெரிக்கருக்கு வீட்டுக் கடன் கொடுப்பதில்லை என்பது வங்கியின் முடிவு. கடன் மட்டுமல்ல, பள்ளிக்கூட நாளிலிருந்து அங்கே வைத்திருந்த சேமிப்புக் கணக்கையும் மூடும்படி கொஞ்ச நாளில் சொன்னார்கள். டிலானி வேறு வங்கிகளுக்கும் போனாள். ஒவ்வொன்றிலும் அதே கேள்வி, அதே "மன்னிக்கவும்".

நான் சொலிங்கரிடம் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கென்று ஒன்று கேட்கப் போனேன்.

"ஹெர் அருள்நாதன், இது எங்கள் சட்டம் அல்ல. அமெரிக்காவின் சட்டம்" என்றார்.

"சட்டம் அறிவிக்கத்தானே சொல்கிறது? துரத்தச் சொல்லவில்லையே. அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை, அறிவியுங்கள்."

"உங்கள் மருமகளைப் போன்ற ஒரு வாடிக்கையாளரை வைத்திருக்கிற தலையிடி, அவரால் வருகிற நன்மையைவிடப் பெரிது. வருந்துகிறேன்."

"நாலாம் அறைக்காரருக்காக எவ்வளவு தலையிடி பட்டோம்?"

அவர் தன் மேசையில் இருந்த பேனையை நேராக்கினார். "நாலாம் அறைக்காரர் என்று ஒருவரும் இல்லை" என்றார். அதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அவர் அறிந்த உண்மையைச் சொன்னார். ஆயுள் முழுக்கப் பெயரில்லாமல் வந்துபோக ஒரு கூட்டத்துக்கு உரிமை இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைக்குத் தாய் எங்கே போய்ப் பெற்றாள் என்பது வரைக்கும் விசாரணை.

டிலானி தன் வாக்குப் பதிந்திருக்கிற நியூ ஜெர்சித் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதினாள். வாழ்கிற நாட்டில் வரி கட்டுகிற சாதாரண ஆட்களை விட்டுவிடுங்கள், கம்பனிக்குள் ஒளிந்திருக்கிறவர்களைப் பிடியுங்கள், சட்டத்தைத் திருத்துங்கள் என்று. அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. அடுத்த தேர்தலுக்கு நன்கொடை கேட்டும் வந்தது.

கடைசியில் அவள் பிரசாவுரிமையைத் துறப்பதென்று முடிவெடுத்தாள். அதற்கும் நாள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும், பெரிய கட்டணம் கட்ட வேண்டும். பேர்ண் நகரிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு நான் கூடப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் நின்ற அதிகாரி அன்பாகத்தான் கேட்டார்: "யாராவது உங்களை வற்புறுத்தினார்களா? சுயவிருப்பத்தோடுதான் செய்கிறீர்களா?" டிலானி கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள்.

திரும்பி வருகிற ரயிலில்தான் அழுதாள். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

"நான் வரி கட்டமாட்டன் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை மாமா. என்னை ஒருத்தரும் கட்டச் சொல்லிக் கேக்கேல்லை. போகச் சொல்லித்தான் கேட்டவை. இனி அங்கை நல்லது செய்ய நிக்கிற ஆக்களுக்கு ஒரு வோட்டுக் குறைஞ்சு போச்சு."

"உன்ரை ஒரு வோட்டுத்தானே பிள்ளை" என்று தேற்றப் பார்த்தேன்.

"ஒண்டு ஒண்டாத்தான் மாமா குறையும்" என்றாள்.

துறந்ததற்கான அத்தாட்சி கைக்கு வர மாதங்கள் ஆகும். அது வந்தால்தான் வங்கி மறுபடி கதவைத் திறக்கும். வீட்டுக்காரப் பெண்மணி காத்திருக்கச் சம்மதித்திருந்தார். ஆனால் அவர் விழுந்து இடுப்பு முறிந்து முதியோர் இல்லம் போனார். அவருடைய பிள்ளைகள் பொறுப்பெடுத்து, முழுக் கட்டடத்தையும் ஒரே கைக்கு விற்க ஆள் தேடினார்கள். துண்டு துண்டாக விற்கிற கதை அதோடு நின்றது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், நாலாம் அறையில் சிவப்பு விளக்கு. வரி குறைந்த சூக் நகரில் பதிந்த, கட்டடங்கள் வாங்கிப் புதுப்பிக்கிற கம்பனி ஒன்றைச் சேர்ந்த இருவர், அவர்களுக்கு ஆலோசகராக ஒரு அமெரிக்கர். வங்கியின் பெரியவர்கள் இன்னும் வந்துசேரவில்லை. அமெரிக்கர் கலகலப்பானவர். கோப்பி வைத்த என்னோடு பேச்சுக் கொடுத்தார்.

"எவ்வளவு காலமாக இங்கே வேலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வெகு காலம், சார்."

"அப்படியென்றால் என்னை உங்களுக்குப் பிடிக்காது. நான் காங்கிரஸில் இருந்தவன். உங்கள் வங்கிகளுக்குப் பூட்டுப் போட்டோமே ஒரு சட்டம், அதற்குக் கையுயர்த்தியவர்களில் நானும் ஒருவன்." மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். "இப்போது நான் மேசையின் மறுபக்கம்."

சீனிக் கிண்ணத்தை வைக்கக் குனிந்தபோதுதான் மேசையில் விரித்திருந்த படத்தைக் கண்டேன். நாலு மாடிக் கட்டடம். மூன்றாம் மாடி பல்கனியில் தொட்டிகள் வரிசையாக. றெஜினாவின் கறிவேப்பிலை, மிளகாய்க் கன்றுகள். குளிருக்கு உள்ளே எடுத்து, வெயிலுக்கு வெளியே வைக்கிற தொட்டிகள். அதில் பாதியை அவளுக்குத் தூக்கி வைத்தது நான். படத்துக்குப் பக்கத்தில் புதிய கட்டடத்தின் வரைபடம், பெரிய கண்ணாடிகளோடு.

வெளியே போயிருக்க வேண்டும். கொண்டியை அமர்த்திப் பிடித்துச் சாத்தியிருக்க வேண்டும். போகவில்லை.

"சார், அந்த வீட்டில் என் தங்கை இருக்கிறாள்" என்றேன்.

கம்பனிக்காரர் இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். அமெரிக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் பார்த்தார். "அழகான பல்கனி" என்றார்.

"அவள் அங்கே தொடர்ந்து இருக்கலாமா?"

"புதுப்பித்த பிறகு யாரும் விண்ணப்பிக்கலாம்."

"அந்த வீட்டை வாங்கத்தான் அவளுடைய மகள் கடன் கேட்டாள். அமெரிக்காவில் பிறந்தவள், உங்கள் நாட்டுக்கு வாக்குப் போட்டவள். உங்கள் சட்டத்தால் இந்த வங்கி அவளைத் துரத்தியது. ஒளித்து வைத்தவர்களை நான் அறிவேன், சார். இதே கதிரையில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை."

அவர் கெட்டவராகத் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். உண்மையாகவே வருத்தப்படுகிற முகத்தோடு சொன்னார்: "எதிர்பாராத பாதிப்புகள் எல்லாச் சட்டத்திலும் உண்டு. மருமகளை ஒரு நல்ல வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்."

வெளியே வந்தேன். கதவு க்ளிக் என்றது.

அன்று மாலை சொலிங்கர் என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்வதைக் கேட்க நான் மேசைக்கு மேலால் குனிய வேண்டியிருந்தது. ஓய்வுக்கு எனக்கு அதிக காலம் இருக்கவில்லை. மிச்ச நாட்களைக் கீழே தபால் பகுதியில் கழிக்கச் சொன்னார். போகும்போது மட்டும், வழக்கமான குரலில், "உங்கள் தங்கையின் வீடென்று எனக்குத் தெரியாது" என்றார். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வங்கிதான் அந்தக் கம்பனிக்குக் கடன் கொடுத்தது என்று தபால் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

டிலானியின் அத்தாட்சி வந்தபோது கட்டடம் கைமாறிவிட்டது. குடியிருப்பவர் அனைவரும் வெளியேற வேண்டும், புதுப்பிக்கப் போகிறோம் என்று அறிவித்தார்கள். புது வாடகை செல்வத்தின் ஓய்வூதியத்துக்கு எட்டாதது. நகரத்துக்கு வெளியே, பஸ் குறைவான ஒரு இடத்தில் சின்ன வீடொன்று கிடைத்தது. அதற்குப் பல்கனி இல்லை.

சாமான் ஏற்றுகிற நாள் நானும் போனேன். வெறும் வீட்டில் றெஜினா தொட்டிகளைச் சுற்றி நின்றாள். எதை யாருக்குக் கொடுப்பதென்று அவளால் முடிவெடுக்க முடியவில்லை. டிலானி கீழே லொறிக்காரரோடு நின்றாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? நான் அம்மாட்டைப் போய்ப் பெத்தது பிழையோ? இஞ்சையே பெத்திருந்தால் பிள்ளைக்கு உந்த வீடு கிடைச்சிருக்கும் என்ன?"

"விசர்க்கதை கதையாதை" என்றேன். "நீ என்ன களவு செய்தனியோ?"

"பின்னை ஏன் வங்கியிலை அதையே திரும்பத் திரும்பக் கேட்டவை? எங்கை பிறந்தது, ஏன் அங்கை பிறந்தது எண்டு." கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாங்கின கம்பனிக்கும் அவைதானே அண்ணை காசு குடுத்தவை? அது எங்கை பிறந்ததாம்?"

"ஒருத்தரும் கேக்கேல்லை" என்றேன்.